எந்த வருஷம் ஒழிஞ்சது?

என் அண்ணன் மகள் குரூப்-2 தேர்வுக்குப் படிக்கிறாள். பாடாலூரில் எங்கள் தெருவில் மட்டும் இப்படி நாலு பிள்ளைகள் படிக்கிறார்கள். சாயங்காலம் ஆனால் பழைய கேள்வித்தாளை எடுத்துக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்துவிடுவாள். கேட்பது அவள், மாட்டிக்கொள்வது நான்.

போன வாரமும் அப்படித்தான்.

“சித்தப்பா, இந்தியாவுல அடிமை முறையை எந்த வருஷம் ஒழிச்சாங்க? 1833, 1843, 1862, 1976. நாலுல ஒண்ணு சொல்லுங்க.”

“1843” என்றேன். இருபத்தெட்டு வருஷம் வரலாற்றுப் பாடம் எடுத்தவன். இதற்கெல்லாம் யோசிக்க வேண்டியதில்லை.

“ஆன்சர் கீயிலயும் அதான் போட்டிருக்கு. ஆனா 1843-லயே ஒழிஞ்சிருந்தா, 1976-ல எதுக்கு இன்னொரு சட்டம்?”

கேட்டுவிட்டு அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். என்னால்தான் போக முடியவில்லை. காரணம், பழைய வீட்டுப் பரணிலிருந்து இறக்கிய ஒரு தகரப் பெட்டி. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அவள் கேள்வி.

எங்கள் ஊரிலிருந்து சென்னை ரோட்டில் பெரம்பலூரைத் தாண்டிப் போனால் ரஞ்சன்குடிக் கோட்டை வரும். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். ஆர்க்காட்டு நவாப் பட்டம் முகமது அலிக்கா, சந்தா சாகிபுக்கா என்று வந்த வாரிசுச் சண்டையில் 1751-ல் ஒரு மோதல் இந்தப் பக்கம்தான் நடந்தது. ஒருவருக்குப் பின்னால் ஆங்கிலேயர், இன்னொருவருக்குப் பின்னால் பிரெஞ்சுக்காரர். ஒரு வீட்டுச் சண்டையில் வெளியாட்கள் புகுந்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. ஜெயித்த நவாப் கடனில் மூழ்கினார்; 1801-ல் கர்நாடக ராஜ்யம் முழுவதும் கம்பெனி கைக்குப் போனது. பெரம்பலூர் அப்போது திருச்சினாப்பள்ளி ஜில்லாவோடு சேர்ந்தது. 1995-ல்தான் தனி மாவட்டம் ஆனோம்.

மேலே ஆள்கிறவர் மாறிவிட்டார். பண்ணையில் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடந்த ஆளின் நிலை என்ன? அவன் அடிமையா, குடிமகனா? இதற்கு யாரிடமும் தெளிவான பதில் இல்லை. இந்துக்களுக்கு இந்து சட்டம், முஸ்லிம்களுக்கு முஸ்லிம் சட்டம் என்று கம்பெனி நீதிமன்றங்கள் நடந்தன. அந்த இரண்டிலுமே அடிமைக்கு இடம் இருந்தது. 1819-ல் சென்னை ரெவின்யூ போர்டு, உங்கள் ஜில்லாவில் அடிமைகள் உண்டா, என்ன நிலை என்று கலெக்டர்களைக் கேட்டது. திருச்சி, தஞ்சாவூர் கலெக்டர்கள் எல்லாம் பதில் எழுதினார்கள். காவிரிப் பாசன வயல்களில் பள்ளர், பறையர் சமூகத்து மக்கள் மிராசுதாரரின் உடைமைபோலக் கை மாறியது அரசாங்கக் காகிதத்தில் ஏறியது. அதற்குப் பிறகு? பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வரி வரும் வயலில் கை வைக்க எந்த சர்க்கார்தான் விரும்பும்?

அடிமை என்றால் அமெரிக்கா, கப்பல், சங்கிலி என்றுதான் நம் பிள்ளைகள் நினைக்கிறார்கள். நம் ஊரில் சங்கிலி தேவைப்படவில்லை, ஓலை போதுமாக இருந்தது. மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில், பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தன்னையும் இரண்டு மகள்களையும் 110 காசுக்குத் திருப்பாம்புரம் கோயிலுக்கு விற்றுக்கொண்டதாகக் கல்வெட்டு இருக்கிறது. சுந்தரர் கதை எல்லோருக்கும் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் நுழைந்து, “இவன் எனக்கு அடிமை, இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை இருக்கிறது” என்கிறார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். அது நகல்தானாம். திருவெண்ணெய்நல்லூர் சபையில் மூல ஓலை வருகிறது, பாட்டனார் கையெழுத்தை வேறொரு ஓலையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், சரியாக இருக்கிறது. தீர்ப்பு கிழவர் பக்கம்.

பக்திக்காகத்தான் அந்தக் கதையைக் கேட்கிறோம். ஆனால் வரலாற்று வாத்தியார் மூளை சும்மா இருக்காதே! பாட்டன் எழுதிக்கொடுத்த ஓலை பேரனைக் கட்டும் என்பதையும், அதை விசாரிக்க ஒரு சபை உண்டு என்பதையும் அந்தக் கதையைக் கேட்டவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, 1833-க்கு வருவோம். பிரிட்டிஷ் பார்லிமென்ட் தன் சாம்ராஜ்யத்தில் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்ட வருஷம் அது. 1834 ஆகஸ்ட் 1 முதல் அமல். எஜமானர்களுக்கு நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு. அடிமையாக இருந்தவர்களுக்குக் காலணா கிடையாது. இந்த நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனின் கடைசி பாக்கி 2015-ல்தான் தீர்ந்தது. நாம் வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் அனுப்பிக்கொண்டிருந்த வருஷத்தில்! ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் அது பொருந்தாது. ஆக, ஆப்ஷன் ஏ நமக்கு இல்லை.

1843 ஏப்ரலில் கம்பெனி அரசு ஐந்தாவது சட்டத்தைக் கொண்டுவந்தது. நாலே பிரிவு. வரி பாக்கிக்கோ கோர்ட் தீர்ப்பை நிறைவேற்றவோ எந்த அதிகாரியும் ஒரு மனிதரை அடிமை என்று விற்கக்கூடாது. அடிமை மேல் உரிமை கேட்டு வருகிற வழக்கை எந்தக் கோர்ட்டும் ஏற்று நடத்தாது. அடிமையாக இருந்தவர் சம்பாதித்த சொத்தை அந்தக் காரணம் காட்டிப் பிடுங்க முடியாது. சாதாரண மனிதனுக்குச் செய்தால் எது குற்றமோ, அது அடிமை என்று சொல்லப்படுகிறவனுக்குச் செய்தாலும் குற்றம்.

நல்ல சட்டம்தான். திருவெண்ணெய்நல்லூர் சபை இனிமேல் ஓலையைப் பிரித்துப் பார்க்காது என்று அர்த்தம். ஆனால் நாலு பிரிவையும் எத்தனை தடவை படித்தாலும் ஒரு வரி மட்டும் அதில் இல்லை: ‘அடிமைகள் இன்று முதல் விடுவிக்கப்படுகிறார்கள்.’ அடிமையை வைத்திருப்பது குற்றம் என்றும் இல்லை. எஜமான் கோர்ட்டுக்குப் போக முடியாது, அவ்வளவுதான். கோர்ட்டுக்குப் போக வேண்டிய அவசியம் எஜமானுக்கு எப்போது இருந்தது? ஆள் குடியிருக்கும் குடிசை அவர் மனையில். குடிக்கிற கஞ்சி அவர் களஞ்சியத்தில். பேசாமல் இருந்தாலே போதும்.

இதை அவளிடம் சொன்னபோது, “அமெரிக்காவுல மட்டும் 1865-ன்னு தெளிவா இருக்கே சித்தப்பா” என்றாள்.

அங்கேயும் தெளிவு இல்லைம்மா. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது, 1863 ஜனவரி 1 அன்று லிங்கன் விடுதலைப் பிரகடனம் வெளியிட்டார். ஆனால் அது கலகம் செய்த தென் மாநிலங்களுக்கு மட்டும். லிங்கன் பக்கமே நின்ற கென்டக்கி, டெலாவேர் போன்ற இடங்களில் அடிமை முறை அப்படியே இருந்தது. அதாவது அவர் உத்தரவு செல்லாத இடத்தில் விடுதலை, செல்லும் இடத்தில் அடிமைத்தனம். தவிர, அது ஒரு போர்க்கால நடவடிக்கை. போர் முடிந்ததும் கோர்ட் அதை ரத்து செய்துவிட்டால்? விடுதலை ஆனவர் மறுபடி அடிமையா? அவருக்குப் பிறந்த குழந்தை? லிங்கனுக்கே இந்தக் கவலை இருந்தது. அதனால்தான் அரசியல் சட்டத்திலேயே 13-வது திருத்தம் கொண்டுவர அவ்வளவு பாடுபட்டார். அது 1865 டிசம்பரில் நிறைவேறியபோது அவர் உயிரோடு இல்லை.

இடையில் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே சுமார் இரண்டரை லட்சம் அடிமைகள். பிரகடனம் வந்து இரண்டரை வருஷம் ஆகியும், போரே முடிந்தும், முதலாளிகள் வாயைத் திறக்கவில்லை. 1865 ஜூன் 19 அன்று ஜெனரல் கிரேஞ்சர் படையோடு கால்வெஸ்டன் துறைமுகத்துக்கு வந்து உத்தரவு வெளியிட்ட பிறகுதான் விடுதலை அங்கே நடைமுறைக்கு வந்தது. இப்போது அந்த நாள் அமெரிக்கா முழுக்க அரசு விடுமுறை.

13-வது திருத்தத்திலும் ஓட்டை இருந்தது. குற்றத்துக்குத் தண்டனையாக என்றால் கட்டாய வேலை வாங்கலாம். உடனே தென் மாநிலங்கள் புதுச் சட்டங்கள் போட்டன. வேலை இல்லாமல் திரிந்தால் குற்றம். அபராதம் கட்டப் பணம் இல்லையா, போ, தோட்டத்தில் வேலை செய்து கழி. இன்னொரு பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு, விதைக்கும் சாப்பாட்டுக்கும் கடன் கொடுத்து, அறுவடையில் கணக்குப் பார்த்தால் எப்போதும் பாக்கி. அடிமைச் சீட்டு போய்க் கணக்கு நோட்டு வந்தது.

கணக்கு நோட்டு என்றதும் நம் ஊர் ஞாபகம் வருகிறதா? இங்கே அது கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. 1859-ல் ஒரு சட்டம். முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தலாம், பணத்தைத் திருப்பு, இல்லை வேலையை முடி என்று உத்தரவு போடலாம், மறுத்தால் ஜெயில். ஓலையைப் பார்க்க மாட்டேன் என்று 1843-ல் சொன்ன கோர்ட், பதினாறே வருஷத்தில் முன்பணச் சீட்டைப் பார்க்கிறேன் என்றது. இந்தச் சட்டம் ரத்தாக 1926 ஆனது.

1862 ஜனவரி 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் அமலுக்கு வந்தது. அடிமையை வாங்குவதும் விற்பதும் 370-வது பிரிவில் குற்றம். ஆப்ஷன் சி இதுதான். ஆனால் அதற்குள் யாரும் ‘அடிமை’ என்று சொல்வதை விட்டுவிட்டார்கள். படியாள், பண்ணையாள், கடன்காரன். யாரும் யாரையும் விற்கவில்லையே! கல்யாணத்துக்குப் பணம் கொடுத்தோம், அவனாக வேலை செய்கிறான். கேட்டால் பதில் தயார்.

சுதந்திரம் வந்து, அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடை செய்தது. அதற்கும் கால் நூற்றாண்டு கழித்து, அவசரநிலைக் காலத்தில்தான் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1976 பிப்ரவரி 9-ல் நிறைவேறினாலும் 1975 அக்டோபர் 25 முதல் அமல் என்று எழுதினார்கள். அந்தக் காலத்தின் மேல் எனக்கு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் 1843-ல் விட்டுப்போன வரியை எழுதியது அந்தச் சட்டம்தான். கொத்தடிமை முறை ஒழிக்கப்பட்டது, ஒவ்வொரு கொத்தடிமையும் விடுதலை, கடன் ரத்து. அந்தக் கடனுக்குப் பணமோ வேலையோ திரும்ப வாங்கினால் வாங்கியவருக்கு மூன்று வருஷம் வரை ஜெயில். இது கொத்தடிமைக் கடன் இல்லை என்றால் அதைக் கடன் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இப்போது அந்தத் தகரப் பெட்டி.

ரெண்டு வருஷம் முன்னால் பழைய வீட்டை இடித்தபோது கிடைத்தது. தாத்தாவின் பட்டா, கிஸ்தி ரசீது, ஜாதகங்கள். நடுவே நாலாக மடித்த ஒரு காகிதம். ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் கைநாட்டு. வருஷம் 1958. கல்யாணச் செலவுக்கு 200 ரூபாய் வாங்கிக்கொண்டதாகவும், வட்டிக்கு ஈடாகப் பண்ணை வேலை பார்த்து வருவதாகவும் எழுதியிருந்தது. எழுத்து தாத்தாவுடையது. விரல் மட்டும் அவருடையது.

அவரை எனக்கு நன்றாகத் தெரியும். கவலை ஓட்டுவார், மாட்டுக்குத் தண்ணி காட்டுவார், வெங்காயப் பட்டறை போட்டால் ராத்திரிக் காவல் இருப்பார். கூலி என்று காசு கைக்குப் போய் நான் பார்த்ததில்லை. மாசத்துக்குக் கம்போ சோளமோ மரக்காலில் அளந்து போடுவார்கள், தீபாவளிக்கு வேட்டி. 1976-ல் எனக்கு ஒன்பது வயது, அவருக்கு நாற்பது தாண்டியிருக்கும். அவர் என்னைச் ‘சின்னையா’ என்பார். நான் அவரை ‘வாடா, போடா’ என்பேன். வீட்டில் யாரும் தப்பென்று சொல்லவில்லை.

எங்கள் திண்ணையில் ரேடியோ இருந்தது. தாத்தா ஏழேகால் செய்தியை விடமாட்டார். கொத்தடிமை ஒழிந்தது என்று அதில் சொல்லியிருப்பார்கள். மாட்டுக்கொட்டகை, ரேடியோ கேட்கும் தூரம்தான். அவர் காதில் விழுந்ததா, விழுந்தாலும் அது தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்திருக்குமா? சீட்டு பெட்டியிலேயே இருந்தது. அவர் மறுநாளும் வந்தார்.

ஐந்து வருஷம் கழித்து, 1981-ல் தாத்தா இறந்தார். கிணற்றுக்கு மோட்டார் வந்துவிட்டது, கவலை மாடுகளை விற்றாகிவிட்டது. சொத்தைப் பாகம் பிரித்தபோது, “இனிமே நீ வர வேண்டாம்ப்பா” என்று அப்பா சொன்னார். அவருக்கு விடுதலை கொடுத்தது நாடாளுமன்றமா, அஞ்சு குதிரைசக்தி மோட்டாரா என்று என்னைக் கேட்டால் நான் மோட்டார் என்றுதான் சொல்வேன். அப்போதும் சீட்டை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்ற எண்ணம் இருந்திருக்காது. ஞாபகமே இருந்திருக்காது. அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். செங்கல் சூளை, கல்குவாரி, மரம் வெட்டு, ஆடு மேய்ப்பு என்று பல வேலைகளில் இன்றும் குடும்பம் குடும்பமாக மீட்கப்படுகிறார்கள். முன்பணம் வாங்குவது மட்டும் குற்றமில்லை. முன்பணத்தைக் காட்டி வெளியே போகவிடாமல், வேறு வேலைக்குப் போகவிடாமல், சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலி தராமல் வைத்திருந்தால் அது கொத்தடிமை. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று உச்ச நீதிமன்றம் 1982-லேயே சொல்லிவிட்டது. புகாரைக் கலெக்டரிடமோ, ஆர்.டி.ஓ.விடமோ கொடுக்கலாம், பாதிக்கப்பட்டவரே வர வேண்டும் என்பதில்லை, நீங்களும் சொல்லலாம். விசாரித்து விடுதலைச் சான்றிதழ் தருவார்கள். உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை உண்டு. பெரிய மறுவாழ்வுத் தொகை ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரை. ஆனால் அதை வழக்கு முடிவோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். வழக்கு எப்போது முடியும்? சான்றிதழ் கைக்கு வராதவரை அவர் கொத்தடிமையா, வெறும் கூலியாளா என்ற பழைய குழப்பமே மறுபடி வந்து நிற்கிறது.

“பரீட்சையில 1843-ன்னே போட்டுடு, மார்க் போயிடும்” என்று அண்ணன் மகளிடம் சொல்லிவிட்டு, மறுநாள் சீட்டை எடுத்துக்கொண்டு ஹைவே ஓரம் இருக்கும் டிராக்டர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அவர் பேரன் நடத்துகிறார். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். தாத்தா என் தாத்தாவை ‘ஆண்டே’ என்றார், பேரன் என்னை ‘சார்’ என்கிறார்.

“எங்க வீட்டுல கிடந்துச்சுப்பா. உங்ககிட்டதான் இருக்கணும். எப்பவோ கொடுத்திருக்கணும்.”

கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துவிட்டு வாங்கினார். ரெண்டு தடவை படித்தார்.

“சார், வட்டிக்கு வேலைன்னு போட்டிருக்கு. அசல் எப்பக் கழியும்னு போடலையே?”

“போடலை.”

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு செல்போனை எடுத்து, எழுத்தை விட்டுவிட்டு அந்தக் கைநாட்டை மட்டும் கிட்டப் பிடித்து போட்டோ எடுத்தார்.

“அப்பாவுக்கு அனுப்பணும் சார். தாத்தா போட்டோ ஒண்ணுகூட எங்ககிட்ட இல்ல.”